பென்... பென்சிலா, பென்குயினா?

தலைமேல் இரண்டு கை. குழுவுக்கு நான்கு பேர். மேசைகளை ஒட்டிப் போட்டு, அதன்மேல் இருபது படச் சீட்டுகளைப் பரப்பியாயிற்று. ஒருவரும் மூச்சு விடவில்லை. ஆசிரியை வாயைத் திறக்கிறார்: "பென்..."

நிறுத்திவிட்டார்! கைகளெல்லாம் தலையிலிருந்து பாதி இறங்கி அந்தரத்தில் நிற்கின்றன. மேசையில் பென் இருக்கிறது, பென்சில் இருக்கிறது, பென்குயினும் இருக்கிறது. எது? எது? பொறுக்க மாட்டாத ஒரு பையன் பென்சில் மேல் பளாரென்று அறைகிறான். "...குயின்!" என்று முடிக்கிறார் ஆசிரியை. "ஓதெட்சுகி!" என்று வகுப்பே கூரை அதிரக் கத்துகிறது. தப்பான சீட்டைத் தொட்டுவிட்டான், அடுத்த சுற்றில் அவன் கை வைக்கக்கூடாது. அதற்குள் எதிரே இருந்த சிறுமி பென்குயினைக் கவர்ந்துகொண்டு நாற்காலியில் குதிக்கிறாள்.

இது ஜப்பானின் தொடக்கப்பள்ளி ஆங்கில வகுப்பு. நடைபாதையில் போகிறவருக்கு வெறும் கூச்சல்தான் கேட்கும். அந்த மூன்று சீட்டுகளும் ஒரே மேசைக்குத் தற்செயலாக வந்து சேரவில்லை என்பதுதான் வேடிக்கை. முந்தைய நாள் சாயங்காலம் யாரோ ஒருவர் உட்கார்ந்து, பென்னையும் பென்சிலையும் பென்குயினையும் பொறுக்கியெடுத்து, உள்ளூரச் சிரித்துக்கொண்டே சீட்டுக்கட்டில் சேர்த்திருக்கிறார். அந்தச் சூழ்ச்சி நடந்த இடத்துக்குத்தான் போகிறோம். காலணியைக் கழற்றி வாசல் அடுக்கில் வையுங்கள். ஜப்பானியப் பள்ளிக்குள் வெளிச்செருப்புக்கு இடமில்லை. உள்ளே போட்டுக்கொள்ளத் தனிக் காலணி உண்டு. மாட்டிக்கொண்டு சீக்கிரம் வாருங்கள்!

ஆசிரியர் அறை என்பது ஒரே பெரிய கூடம். மேசைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஒவ்வொன்றின்மேலும் திருத்த வேண்டிய நோட்டுக் குவியல். மூலையில் நகல் எடுக்கும் எந்திரம், அதன் பக்கத்தில் நம் கதாநாயகன், லேமினேட்டர்! சாயங்காலமானால் இதன் முன்னால் ஒரு வரிசையே நிற்கும். படத்தை அச்சடிக்க வேண்டும், நெகிழித் தாளுக்குள் செருக வேண்டும், சூடாக வெளியே வருவதைப் பிடித்து வெட்ட வேண்டும். வெட்டியபின் நான்கு மூலைகளையும் கத்தரியால் வளைக்க வேண்டும். கூர்மூலை குழந்தைகளின் விரலைக் கீறிவிடும். 35 பிள்ளைகள் உள்ள வகுப்பில் நால்வருக்கு ஒரு கட்டு என்றால் ஒன்பது கட்டு, கட்டுக்கு இருபது சீட்டு. ஆக 180 சீட்டு, 720 மூலை! ஒரு விளையாட்டுக்கு, பத்து நிமிடத்துக்கு! அதோடும் முடியவில்லை. ஒவ்வொரு கட்டின் சீட்டுகளுக்கும் பின்புறம் தனி நிறப்புள்ளி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்பது கட்டும் ஒரே நாளில் கலந்துபோய், ஒரு குழுவுக்கு மூன்று பென்குயின் கிடைக்கும், பக்கத்துக் குழுவுக்கு ஒன்றுகூடக் கிடைக்காது.

கரும்பலகைக்கு வேறு பெரிய சீட்டுகள் வேண்டும். ஜப்பானியக் கரும்பலகை காந்தம் ஒட்டும் இரும்புப் பலகை. குட்டிக் காந்தம், கடற்பஞ்சுபோல் மெத்தென்ற பெரிய பகடை, நிமிடம் எண்ணும் கடிகாரம், மேசைமணி எல்லாம் நூறு யென் கடையில் வாங்கி வந்தவை. அந்தக் கடையை ஆங்கில ஆசிரியர்களின் ஆயுதக் கிடங்கு என்றே சொல்லிவிடலாம்.

சூழ்ச்சி செய்பவர்கள் இருவர். ஒருவர் வகுப்பாசிரியர். கணக்கு, ஜப்பானிய மொழி, அறிவியல், உடற்பயிற்சி என்று நாள் முழுக்க அதே வகுப்போடு இருப்பவர். இன்னொருவர் ஏஎல்டி என்று எல்லாரும் கூப்பிடும் துணை மொழி ஆசிரியர். பெரும்பாலும் வெளிநாட்டவர், பல பள்ளிகளுக்குச் சுற்றி வருபவர். 1987இல் ஜப்பான் அரசு இப்படிப்பட்டவர்களை வரவழைக்கும் ஜெட் திட்டத்தைத் தொடங்கியபோது அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளிலிருந்து 848 பேர் வந்து இறங்கினார்கள். வருவதற்குப் பட்டம் வேண்டும், ஆசிரியப் பயிற்சி கட்டாயமில்லை. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில், நெல்வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு பள்ளியில் முப்பது ஜோடிக் கண்களுக்கு முன்னால் நிற்பதை நினைத்துப் பாருங்கள்! கையில் என்ன கிடைத்ததோ அதையெல்லாம் விளையாட்டாக மாற்றியவர்கள் அவர்கள்.

வகுப்பாசிரியரின் நிலை வேறு. 2011இல் 5, 6ஆம் வகுப்புகளுக்கு வாரம் ஒரு பாடவேளை ஆங்கிலச் செயல்பாடு கட்டாயமாயிற்று. 2020இல் அது 3, 4ஆம் வகுப்புகளுக்கு இறங்கியது, ஆண்டுக்கு 35 பாடவேளை. 5, 6ஆம் வகுப்புகளுக்குப் பாடநூலும் மதிப்பெண்ணும் கொண்ட முழுப் பாடமாகி 70 பாடவேளை ஆயிற்று. ஆங்கிலம் கற்பிக்க வேண்டிவரும் என்று எண்ணாமலேயே தொடக்கப்பள்ளி ஆசிரியரானவர்கள் எத்தனையோ பேர். நாக்கு கூசுகிறது. ஆனால் வகுப்பாசிரியருக்குத் தெரிந்த ஒன்று ஏஎல்டிக்குத் தெரியாது. யார் தோற்றால் அழுவான், யார் யாரோடு சேர்ந்தால் வாயே திறக்க மாட்டாள், நேற்று இடைவேளையில் யாருக்கும் யாருக்கும் சண்டை என்பதெல்லாம் அவர் விரல்நுனியில். ஒருவருக்கு மொழி தெரியும், இன்னொருவருக்குப் பிள்ளைகளைத் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் விளையாட்டு எழும்.

சரி, அந்தப் பென்குயினுக்கு வருவோம். எனக்கு மிகப் பிடித்த ரகசியம் அதற்குள்தான் இருக்கிறது.

விளையாட்டின் பெயர் கருத்தா. போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து இறக்கிய சீட்டுக்கட்டை ஜப்பானியர் தங்கள் வழிக்குத் திருப்பிக்கொண்டதில் பிறந்தது. ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் அதற்குரிய சீட்டைப் பாய்ந்து எடுப்பார்கள். இதன் உச்சம் புத்தாண்டுக் காலத்தில் ஆடும் நூறு கவிதை ஆட்டம். 13ஆம் நூற்றாண்டில் புஜிவாரா நோ தெய்க்கா தொகுத்த நூறு புலவர்களின் நூறு கவிதைகள். வாசிப்பவர் கவிதையின் முற்பாதியைத் தொடங்குவார். ஆடுபவர்கள் பிற்பாதி எழுதிய சீட்டைத் தட்டிப் பறிக்க வேண்டும். ஒட்சு நகரத்தின் ஓமி கோயிலில் ஜனவரியில் நடக்கும் போட்டிகளில் சீட்டு பறக்கும் வேகத்தைக் கண்ணால் தொடர முடியாது. அந்த வேகம் எப்படி வருகிறது? நூறில் ஏழு கவிதைகளை முதல் அசையைக் கேட்டவுடனே அடையாளம் கண்டுவிடலாம், அந்த அசையில் தொடங்கும் கவிதை வேறு கிடையாது. மற்றவற்றுக்கு இரண்டு அசை, மூன்று அசை, சிலவற்றுக்கு ஆறு அசை வரை காத்திருக்க வேண்டும். எந்த இடத்தில் இரண்டு கவிதைகள் பிரிகின்றனவோ அந்த இடத்துக்காகக் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் ஆட்டமே!

இப்போது ஆங்கில வகுப்புக்கு வாருங்கள். டாக், ஆப்பிள், புக், மில்க் என்று வெவ்வேறு ஒலியில் தொடங்கும் சீட்டுகளைப் போட்டால் பிள்ளைகள் முதல் ஒலியைக் கேட்டே அறைந்துவிடுவார்கள். மிச்சச் சொல்லை யாரும் கேட்பதில்லை. பென், பென்சில், பென்குயின் என்று போட்டால்? கடைசி ஒலிவரை கேட்டே ஆக வேண்டும். "கவனமாகக் கேளுங்கள்" என்று ஆசிரியர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சீட்டுகள் சொல்லிவிட்டன. பலநூற்றாண்டு ஆட்டத்தின் நுட்பத்தை ஒன்பது வயதுப் பிள்ளைகளின் மேசைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் நேற்று லேமினேட்டர் முன்னால் நின்ற அந்த ஆசிரியர்! இதை நினைத்தாலே எனக்குக் குதூகலம் தாங்கவில்லை.

அடுத்த வாரம் இதே சீட்டுகள் இன்னொரு வேடம் போடும். ஆசிரியர் பெயரைச் சொல்லவே மாட்டார், குறிப்புதான் சொல்வார். "இட்ஸ் அன் அனிமல்." கைகள் விலங்குகள் பக்கம் நகர்கின்றன. "இட்ஸ் பிளாக் அண்ட் ஒயிட்." பாண்டாவா, பென்குயினா, வரிக்குதிரையா? மூன்று சீட்டுகளின்மேலும் கைகள் மிதக்கின்றன. "இட் கேன் ஸ்விம்!" படார்! மூன்று குறிப்பும் எந்த வரிசையில் வர வேண்டும் என்பதில்தான் ஆசிரியரின் கைவண்ணம் இருக்கிறது. நீந்தும் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் ஆட்டம் இரண்டு நொடியில் முடிந்துபோகும்.

மணி அடிக்கிறது. காது கொடுத்துக் கேளுங்கள், லண்டன் பிக் பென் கடிகாரம் இசைக்கும் அதே மெட்டு! ஜப்பானியப் பள்ளிகளில் எந்தப் பாடத்துக்கும் பெரும்பாலும் இந்த மெட்டுதான் அடிக்கும். ஆங்கில வகுப்புக்கு முன்னால் கேட்கும்போது மட்டும் தனிப் பொருத்தம். அன்றைய நாளின் பொறுப்பு மாணவி எழுந்து, "லெட்ஸ் ஸ்டார்ட் இங்கிலீஷ் கிளாஸ்!" என்கிறாள். கடிகாரத்தில் 45 நிமிடம் ஓடத் தொடங்கிவிட்டது.

முதல் ஐந்து நிமிடம் உடம்புக்கு. "ஸ்டாண்ட் அப்! ஜம்ப்! டர்ன் அரவுண்ட்! டச் யுவர் நோஸ்!" சொல்லச் சொல்லப் பிள்ளைகள் செய்கிறார்கள். ஏஎல்டி மூக்கைத் தொடச் சொல்லிக்கொண்டே தன் காதைத் தொட்டு ஏமாற்றப் பார்க்கிறார். கண்ணை நம்பியவர்கள் மாட்டிக்கொள்ள, காதை நம்பியவர்கள் தப்பிக்கிறார்கள். பேசு என்று யாரும் வற்புறுத்தவில்லை. புரிந்ததா என்பதை உடம்பே காட்டிவிடுகிறது. இதற்கு முழு உடல் எதிர்வினை என்று ஒரு முறையே உண்டு. கலிபோர்னியாவின் சான் ஹொசே மாநிலக் கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் ஆஷர் 1960களில் உருவாக்கியது. இனி வருவதைக் கேட்டு நான் துள்ளினேன், நீங்களும் துள்ளுவீர்கள். ஆஷர் தொடக்கத்தில் சோதித்துப் பார்த்த மொழிகளில் ஒன்று ஜப்பானிய மொழி! ஷிரோ குனிஹிராவோடு சேர்ந்து அவர் 1965இல் வெளியிட்ட ஆய்வில், நில், நட, குதி என்று ஜப்பானிய மொழியில் கட்டளை வர, அமெரிக்க மாணவர்கள் எழுந்து நடந்து குதித்தார்கள். இன்று ஜப்பானியப் பிள்ளைகள் ஆங்கிலக் கட்டளைக்குக் குதிக்கிறார்கள். குதித்த குதி கடலைத் தாண்டித் திரும்பி வந்திருக்கிறது!

அடுத்தது தாளம். 3, 4ஆம் வகுப்புகளுக்குக் கல்வி அமைச்சகம் தயாரித்த லெட்ஸ் டிரை நூல்களில் லெட்ஸ் சான்ட் என்றே ஒரு பகுதி வருகிறது. பாட்டும் இல்லை, வெறும் பேச்சும் இல்லை, தாளத்துக்குப் பேசுவது. இதற்கு உலகெங்கும் வழிபோட்டவர் நியூயார்க்கில் ஆங்கிலம் கற்பித்த, பியானோ வாசித்த கரோலின் கிரஹாம். அவருடைய ஜாஸ் சான்ட்ஸ் நூல் 1978இல் வந்தது. வகுப்பில் என்ன நடக்கிறது பாருங்கள். "வாட் டூ யூ லைக்?" என்ற கேள்விக்கு இரண்டே கைத்தட்டு, வாட் என்பதில் ஒன்று, லைக் என்பதில் ஒன்று. நடுவில் இருக்கும் டூவும் யூவும் அந்த இரண்டு தட்டுக்கு இடையில் ஓடிப்போய்விட வேண்டும். ஜப்பானிய மொழியில் ஒவ்வோர் ஒலிக்கும் ஏறத்தாழ ஒரே அளவு நேரம். அந்தப் பழக்கத்தோடு வரும் பிள்ளைக்கு ஆங்கிலத்தின் மேடுபள்ளத்தை எந்த இலக்கணத்தாலும் விளக்க முடியாது. இரண்டு தட்டு விளக்கிவிடுகிறது.

ஓர் அழிப்பானே போதுமான ஆட்டம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இருவர் எதிரெதிரே, நடுவில் ஓர் அழிப்பான். இன்றைய திறவுச்சொல் லெமன் என்று அறிவிக்கிறார் ஆசிரியர். அவர் ஆப்பிள் என்றால் எல்லாரும் ஆப்பிள் என்று திருப்பிச் சொல்லிக் கை தட்ட வேண்டும், மெலன் என்றால் மெலன். லெமன் என்றதும் திருப்பிச் சொல்லாமல் அழிப்பானைப் பறிக்க வேண்டும். லெமனுக்கு முன்னால் மெலனை வைப்பதுதான் குறும்பு, பாதிப் பேர் பாய்ந்துவிடுவார்கள்! அலுப்பில்லாமல் ஒரே சொல்வரிசையை எத்தனையோ முறை சொல்லவைக்க இதைவிட மலிவான வழி இல்லை.

ஆனாலும் இதுவரை பார்த்ததெல்லாம் கேட்பதும் திருப்பிச் சொல்வதும்தான். உண்மையான மாயம் இனிமேல்தான். பிள்ளைகள் இடத்தைவிட்டு எழுந்து வகுப்பு முழுக்கச் சுற்றப் போகிறார்கள்.

கையில் ஒரு தாள், அதில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் உணவுப் படம். யாரையாவது பிடி, முதலில் ஜான்கென் போடு. கல், கத்தரி, காகிதம் விளையாட்டுத்தான். ஜப்பானில் எந்த வழக்கையும் தீர்த்துவைக்கும் நீதிமன்றம் அது, இங்கே ஆங்கிலத்தில் "ராக், சிசர்ஸ், பேப்பர், ஒன், டூ, த்ரீ!" என்று நடக்கும். வென்றவர் முதலில் கேட்கலாம். "டூ யூ லைக் டொமேட்டோஸ்?" எதிரே இருப்பவர் "யெஸ், ஐ டூ" என்றால் அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். "நோ, ஐ டோன்ட்" என்றால் கையெழுத்து கிடையாது, வேறு ஆளைத் தேட வேண்டும். ஒருவரிடம் ஒரு கேள்விதான். ஒரு வரிசை நிரம்பினால் பிங்கோ!

இந்தத் தாளுக்குப் பின்னால் இருக்கும் மூளையைப் பாருங்கள். ஒருவரிடம் ஒரு கேள்விதான் என்ற விதி எதற்கு? அது இல்லாவிட்டால் ஒவ்வொரு பிள்ளையும் தன் உயிர்த்தோழனிடமே ஒன்பது கையெழுத்தும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். "யெஸ்"ஸுக்கு மட்டும் கையெழுத்து எதற்கு? பதிலைக் கேட்காமல் தாளை நீட்ட முடியாமல் செய்வதற்கு. ஒன்பது கட்டத்தில் என்னென்ன படம்? இதற்காக வகுப்பாசிரியரும் ஏஎல்டியும் நீண்ட நேரம் மண்டையைக் குடைந்துகொள்வார்கள். ஐஸ்கிரீமும் பீட்சாவும் சாக்லெட்டும் மட்டுமே என்றால் எல்லாரும் எல்லாருக்கும் யெஸ், நான்கே நிமிடத்தில் பிங்கோ, அப்புறம் மிச்ச நேரத்துக்கு வெற்றுக் கூச்சல். ஆகவே நொதித்த சோயா அவரையான நட்டோ உள்ளே வருகிறது. செலரி வருகிறது. குடைமிளகாய் வருகிறது. ஆம், பாகற்காயும் வருகிறது! ஒக்கினாவா தீவுகளின் அன்றாடக் கறிகாய் அது, அங்கே கோயா என்பார்கள். முட்டையும் டோஃபுவும் சேர்த்து வதக்குவார்கள். ஒக்கினாவாப் பள்ளியில் சுலபமாக நிரம்பக்கூடிய பாகற்காய்க் கட்டம் தோக்கியோவில் கல்லாக நிற்கும். அந்தக் கல்லை நகர்த்தத்தான் பிள்ளை வகுப்பு முழுக்க அலைகிறது. "டூ யூ லைக்" என்ற ஒரே வாக்கியத்தை இருபது பேரிடம், இருபது முறையும் பதில் தெரியாமல், பதிலுக்கு ஏங்கிக் கேட்கிறது!

இதுதான், இந்த ஏக்கம்தான், எல்லா நல்ல ஆட்டத்துக்கும் உயிர். உங்களிடம் நாய்ப்படத்தைக் காட்டி "வாட் இஸ் திஸ்?" என்று கேட்டால் அது பொய்க் கேள்வி. கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். நட்டோ பிடிக்குமா என்று தோழியைக் கேட்பது மெய்க் கேள்வி. தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளிக்குப் பெயர் சூட்டி, வகைபிரித்து, பாடத்திட்டத்தின் நடுவில் வைத்தவர்களில் முக்கியமான ஒருவர் நம் ஊர்க்காரர் என்பது தெரியுமா? சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய ஊர்களின் பள்ளிகளில் அவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு சோதனை நடத்தினார்கள். இலக்கண வரிசைப்படி பாடம் கிடையாது. ரயில் கால அட்டவணை, வரைபடம், வகுப்பு நேர அட்டவணை, இவற்றை வைத்துப் பிள்ளைகள் தீர்க்க வேண்டிய சிக்கல்கள்தான் பாடம். முதலில் ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து ஒரு சிக்கலை வாய்விட்டுத் தீர்ப்பார். பிறகு அதைப் போன்ற இன்னொன்றைப் பிள்ளைகள் தனியே தீர்ப்பார்கள். எந்த ரயிலைப் பிடித்தால் நேரத்துக்குப் போகலாம் என்று யோசிக்கும்போது மொழி தானாக உள்ளே இறங்கும் என்பது அவர் நம்பிக்கை. தகவல் இடைவெளி, சிந்தனை இடைவெளி, கருத்து இடைவெளி என்று மூன்று வகை சொன்னார். அதையெல்லாம் விளக்கிய அவருடைய நூல் வந்ததும் 1987இல்தான், ஜப்பானில் அந்த 848 பேர் வந்திறங்கிய அதே ஆண்டு!

ஜப்பானில் இன்று 5ஆம் வகுப்புப் பிள்ளைகளும் நேர அட்டவணையோடு விளையாடுகிறார்கள். கனவு அட்டவணை! திங்கள் முழுக்க உடற்பயிற்சி, செவ்வாய் முழுக்க ஓவியம், புதனன்று சமையல் என்று அவரவர் இஷ்டப்படி ஒரு வாரத்தை நிரப்பிக்கொள்கிறார்கள். பிறகு தாளை மறைத்துக்கொண்டு, "வாட் டூ யூ ஹேவ் ஆன் மண்டே?" என்று ஒருவரையொருவர் துருவுகிறார்கள். யாருடைய வாரம் என் வாரத்தைப் போலவே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததும் வரும் அலறல் இருக்கிறதே, அதற்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை.

ஜனவரியில் போனால் இன்னொரு விருந்து. ஃபுக்குவராய் என்ற புத்தாண்டு விளையாட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு வெற்று முகத்தில் கண், மூக்கு, வாயை வைக்க வேண்டும். நாம் பொங்கல் விழாவில் யானைக்கு வாலும் பெண்படத்துக்குப் பொட்டும் வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஆடும்போது கோணல்மாணலாக வந்த முகத்தைப் பார்த்துச் சிரிப்பதுதான் நோக்கம். வகுப்பில் கண் கட்டியவருக்குக் கூட்டாளிகளின் குரல் கிடைக்கிறது, ஆங்கிலத்தில் மட்டும்! "அப், அப், லெஃப்ட், லெஃப்ட், ஸ்டாப்!" ஒரு பக்கம் சொல்லத் துடிப்பவர்கள், இன்னொரு பக்கம் கேட்கத் துடிப்பவர். பிரபு சொன்ன தகவல் இடைவெளி கண்கட்டு வேடத்தில் வந்து நிற்கிறது. ஏஎல்டியின் கண்ணைக் கட்டிவிட்டால் இன்னும் கொண்டாட்டம். ஆங்கிலம் தெரிந்த பெரியவர் தங்கள் ஆங்கிலத்தை நம்பி மூக்கை நெற்றியில் வைக்கிறார்!

மேசைகளையெல்லாம் ஓரம் தள்ளிவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போடும் பழக்கூடை ஆட்டமும் ஒரு கொண்டாட்டம்தான். ஒரு நாற்காலி குறைவு, நடுவில் நிற்பவர் ஏதேனும் சொல்வார், அது யாருக்கெல்லாம் பொருந்துமோ அவர்கள் இடம் மாற வேண்டும். "ஐ லைக் சாக்கர்!" பாதி வகுப்பு பறக்கிறது. தயாரிப்பே வேண்டாத ஆட்டம். வாய் திறக்காத பிள்ளைகூட நடுவில் மாட்டிக்கொண்டால், அத்தனை பேரையும் ஓடவைக்கும் அதிகாரம் ஒரே வாக்கியத்தில் இருக்கிறது என்று கண்டுகொள்கிறது.

எல்லா ஆட்டத்தையும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். சூறாவளி ஆட்டம் என்று ஒன்று உண்டு. பலகையில் கட்டங்கள், கட்டத்துக்குப் பின்னால் மதிப்பெண், சிலவற்றில் சூறாவளி. சரியாகப் பதில் சொன்ன குழு ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம், சூறாவளி வந்தால் எதிர்க்குழுவின் மதிப்பெண் பறந்துவிடும். ஆரவாரம் எக்கச்சக்கம். ஆனால் ஒருவர் பேச 34 பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். குதூகலம் முழுவதும் கட்டத்துக்குப் பின்னால் இருக்கும் எண்ணில், மொழியில் இல்லை. ஜான்கெனும் அப்படித்தான் ஏமாற்றும். கேள்வியை முணுமுணுத்துவிட்டு ஜான்கெனுக்காகவே பிள்ளைகள் ஓடத் தொடங்கினால், ஆசிரியர் உடனே அந்த விதியைத் தூக்கிவிட வேண்டும். கைதேர்ந்தவர்கள் சத்தத்தை அளப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு வகுப்பைக் கேட்பார்கள். கேட்கும் கூச்சலில் எத்தனை ஆங்கிலம், எத்தனை ஜப்பானியம் என்று காதாலேயே நிறுத்துப் பார்த்து, நடு ஆட்டத்தில் விதியை மாற்றுவார்கள். வேகமாக ஓடும் பிள்ளைகளே எப்போதும் வெல்கிறார்களா? சரி, இந்தச் சுற்றில் எல்லாரும் நத்தை நடைதான் நடக்க வேண்டும்!

எனக்குக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும் வேலை ஒன்று இருக்கிறது, அதை வெளியில் யாரும் கவனிப்பதில்லை. ஆட்டம் தொடங்குமுன் வகுப்பாசிரியரும் ஏஎல்டியும் பிள்ளைகள் முன்னால் ஒருமுறை ஆடிக் காட்டுவார்கள். ஏஎல்டி கேட்க, வகுப்பாசிரியர் தடுமாறிப் பதில் சொல்வார். கணக்கிலும் அறிவியலிலும் எல்லாம் தெரிந்தவராக நிற்கும் அதே ஆசிரியர் இங்கே சொல்லைத் தேடுகிறார், கையைக் காலை ஆட்டுகிறார், "ஒன்ஸ் மோர், பிளீஸ்" என்று கேட்கிறார், மறுபடி முயல்கிறார். அவருடைய ஆங்கிலம் ஏஎல்டியுடையதைப் போல இல்லாமல் இருப்பதே வகுப்புக்குக் கிடைத்த வரம். பெரியவரே தயங்கித் தயங்கிப் பேசிப் பிழைத்துக்கொள்கிறார் என்றால் நாமும் பேசலாம்! அந்த இரண்டு நிமிடக் கூத்துக்கு ஒத்திகை நடப்பது பெரும்பாலும் பாடவேளைகளுக்கு இடையில் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில், படிக்கட்டில் ஏறிக்கொண்டே.

மணியடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் திரும்பிப்பார்க்கும் சீட்டு ஒன்று எல்லாருக்கும் வருகிறது. இன்று என்ன தெரிந்துகொண்டேன், எதைச் சொல்ல முடியாமல் போயிற்று என்று பிள்ளைகள் தங்கள் மொழியிலேயே எழுதித் தருவார்கள். சாயங்காலம் அந்தக் கட்டு ஆசிரியர் அறைக்கு வந்துவிடும். ஒவ்வொன்றாகப் புரட்டிப் படிப்பதில்தான் அடுத்த வாரம் பிறக்கிறது. சுவையானவை "ஜாலியாக இருந்தது" என்று எழுதியவை அல்ல. நட்டோவைப் பிடிக்கும் என்றும் சொல்ல முடியாமல், பிடிக்காது என்றும் சொல்ல மனமில்லாமல், "கொஞ்சம் மட்டும் பிடிக்கும் என்றால் என்ன சொல்வது?" என்று பிள்ளைகள் கேட்டு எழுதியிருப்பார்களே, அவைதான் தங்கம். ஆட்டம் ஒரு சொல்லைத் தேடவைத்துவிட்டது, இனி அந்தச் சொல்லைக் கொடுத்தால் போதும், பிடித்துக்கொள்வார்கள். அடுத்த வாரத் தாளத்தில் "எ லிட்டில்" ஏறுகிறது. பிங்கோ விதி திருத்தப்படுகிறது: "எ லிட்டில்" என்றால் பெயரின் முதலெழுத்து மட்டும் போடலாம், அப்படி இரண்டு சேர்ந்தால் ஒரு கையெழுத்துக்குச் சமம். செலரிக்கு விடிவுகாலம் வந்தாயிற்று. ஏஎல்டியோ அதைத் தூக்கிவிட்டு இஞ்சி ஊறுகாயைப் போட்டால் இன்னும் கடினமாக இருக்குமே என்கிறார். வகுப்பாசிரியர் தலையாட்டிக்கொண்டே தாளைத் திரும்ப அச்சுக்கு அனுப்புகிறார்.